உடனே ஏற்றுவதா, ஒரு வாரம் பொறுப்பதா

பாதுகாப்பு ஓட்டை பற்றி ஒரு செய்தி வெளியானதும் டெவலப்பர்கள் நடுவே இரண்டு அறிவுரைகள் சுற்றத் தொடங்குகின்றன. "பழைய வெர்ஷனைக் கட்டிக்கொண்டு அழுதால் இப்படித்தான் ஆகும், உடனே அப்டேட் செய்" என்பது ஒன்று. "புதிதாக வந்ததையெல்லாம் அன்றைக்கே ஏற்றினால் இப்படித்தான் ஆகும், ஒரு வாரமாவது பொறு" என்பது மற்றது. இரண்டையும் சொல்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான். சில நேரம் ஒரே ஆள் இந்த வாரம் ஒன்றையும் அடுத்த வாரம் மற்றதையும் சொல்கிறார். இரண்டு முறையும் எல்லோரும் தலையாட்டுகிறோம். இந்த முரண் எனக்கு வெகுநாளாக நெருடிக்கொண்டே இருக்கிறது. "சூழ்நிலையைப் பொறுத்தது" என்று சொல்லிக் கடந்துவிடலாம். எந்தச் சூழ்நிலை, எதைப் பொறுத்து என்று சொல்லாதவரை அந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை.

"உடனே செய்" கட்சியின் கையில் இருக்கும் வலுவான சான்று 2017-இல் நடந்தது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா இணையக் கட்டமைப்பில் இருந்த சிவிஇ-2017-5638 என்ற ஓட்டைக்கு (சிவிஇ என்பது அறியப்பட்ட ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) மார்ச் 7 அன்றே பேட்ச், அதாவது திருத்தம், வந்துவிட்டது. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான எக்விஃபேக்ஸின் ஒரு தளத்தில் அது ஏறவில்லை. மே மாத நடுவில் அதே ஓட்டை வழியாக நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை உள்ளே இருந்தார்கள், ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. "பொறு" கட்சிக்கு 2025 செப்டம்பர் 8. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் (பிறர் எழுதி வெளியிடும் தயார் நிரல் தொகுப்புகளின்) பொதுக் கிடங்கான என்பிஎம்மில் சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களை வெளியிடும் உரிமை வைத்திருந்த ஒரு பராமரிப்பாளருக்கு, இருபடிச் சரிபார்ப்பைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் போனது. அனுப்பிய முகவரி என்பிஎம்முடையது போலவே இருந்தது, டொமைனின் வால் மட்டும் வேறு. கணக்கு கைமாறியது, பேக்கேஜ்களுக்குப் புது வெர்ஷன்கள் வெளியாயின. உலாவியில் கிரிப்டோ பரிமாற்றம் நடந்தால் பெறுநரின் முகவரியை மாற்றிவிடும் கோடு (நிரல்) அவற்றில் இருந்தது. அந்த 18-உம் சேர்ந்து வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் இறக்கப்படுபவை. சுமார் இரண்டு மணி நேரத்தில் விஷயம் வெளிப்பட்டு நஞ்சேறிய வெர்ஷன்கள் நீக்கப்படத் தொடங்கின. அந்த இடைவெளியில் இன்ஸ்டால் செய்தவர்கள்தான் மாட்டினார்கள். அன்று எதையும் தொடாமல் இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேகம் பற்றிய வழக்காக இது தோன்றுவதில்லை. ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதுதான் வழக்கு. ஸ்ட்ரட்ஸ் வகையில் தவறு ஏற்கெனவே நம் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கோடில் இருக்கிறது. யாரோ நல்ல எண்ணத்தோடு எழுதி, கவனக்குறைவால் விட்ட பிழை. செய்தி வெளியான நொடியிலிருந்து அது நமக்குப் பாதகமாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் பேட்சைப் பிரித்துப் பார்த்தே தாக்குபவர் வழியைக் கண்டுபிடித்துவிடுவார். சாக் வகையில் பழைய கோடு சுத்தம். ஆபத்து இன்னும் நம் வீட்டுக்குள் வரவில்லை, நாமாகப் போய்க் கூட்டி வந்தால்தான் வரும். காலம் இங்கே நம் பக்கம் நிற்கிறது. முதலாவதில் மேலே ஏற வேண்டும், இரண்டாவதில் இருந்த இடத்தில் நிற்கவோ ஒரு படி இறங்கவோ வேண்டும். ஆனால் இரண்டு செய்திகளும் ஒரே உடையில் வருகின்றன. இரண்டுக்கும் சிவிஇ எண் கிடைக்கலாம், இரண்டுக்கும் சிவப்பு நிறத்தில் 10-க்கு 10 மதிப்பெண் விழலாம். ஜாவாவின் லாக்4ஜே லைப்ரரியில் 2021-இல் வெளிவந்த லாக்4ஷெல் ஓட்டைக்கு 10.0, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் 2024-இல் சிக்கிய பின்கதவுக்கும் 10.0. முன்னதற்குத் தீர்வு புது வெர்ஷன், பின்னதற்குத் தீர்வு பழைய வெர்ஷன்.

இடையில் ஒரு தவறான பாடத்தையும் ஒதுக்கிவிடலாம். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தபோது, இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை வைத்திருந்தவர்கள் மாட்டினார்கள், 0.9.8-இலேயே தேங்கிப்போனவர்கள் தப்பினார்கள். லாக்4ஜே 1.எக்ஸ் 2015-லேயே கைவிடப்பட்டது. அதை மாற்றாமல் இருந்தவர்களை லாக்4ஷெல் நேரடியாகத் தொடவில்லை. "பார்த்தீர்களா, நாங்கள் மாற்றாததே நல்லதாகப் போயிற்று" என்று பெருமைப்பட்டவர்கள் உண்டு. பராமரிப்பே இல்லாத கோடில் அடுத்த ஓட்டை வெளிவந்தால் பேட்ச் தர ஆள் இருக்காது என்பதை அந்தப் பெருமை மறந்துவிடுகிறது. பொறுத்திருப்பது வேறு, தேங்கிப்போவது வேறு. ஒரு வாரம் பொறுப்பவருக்கு அடுத்த வெர்ஷனுக்குப் போக ஒரு மணி நேரம் போதும். மூன்று ஆண்டுகள் தேங்கியவர் அவசர பேட்ச் வரும் நாளில் முதலில் இரண்டு மேஜர் வெர்ஷன்களைத் தாண்ட வேண்டியிருக்கும். எக்விஃபேக்ஸ் போன்ற கதைகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

எக்ஸ்இசட்

என் மனத்தில் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது 2024 மார்ச் 29. அன்றுதான் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், எக்ஸ்இசட் யூட்டில்ஸ் 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு இருப்பதை வெளியிட்டார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கமாக 0.3 வினாடியில் முடிவது 0.8 வினாடி ஆனதும், நினைவகப் பிழை காட்டும் வேல்கிரைண்ட் கருவியில் விளங்காத பிழைகள் தெரிந்ததும்தான் அவரைத் தோண்ட வைத்தன. கதையின் இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரியும். அரை வினாடியைக் கவனித்த மனிதர் என்று அதை ஒரு வீரகதையாகவே ஆக்கிவிட்டோம்.

குறைவாகப் பேசப்படுவது, "உடனே அப்டேட் செய்" என்ற அறிவுரையே அந்தத் தாக்குதலில் ஆயுதமாக இருந்தது என்பது. ஜியா டான் என்ற பெயரில் இயங்கியவர் 2021 முதல் பேட்ச் அனுப்பினார், நம்பிக்கையைச் சம்பாதித்தார், வெளியீடு செய்யும் உரிமை வரை வந்தார். இடையில் 2022-இல், புதிதாக முளைத்த பெயர்கள் சில, களைத்துப்போயிருந்த பழைய பராமரிப்பாளரை "ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறீர்கள், பொறுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று நெருக்கின. 5.6.0 வெளிவந்தது 2024 பிப்ரவரி 24. அதில் வேல்கிரைண்ட் பிழைகள் தெரியவந்ததும் மார்ச் 9 அன்று 5.6.1 வந்தது. பழி கம்பைலர் மேல் போடப்பட்டது. உண்மையில் பின்கதவு தன் சத்தத்தைத் தானே குறைத்துக்கொண்டது. பிறகு டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் விநியோகங்களில் "5.6.1-ஐச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள், முந்தையதில் பிழை இருக்கிறது" என்று கோரிக்கைகள் போடப்பட்டன. ஒரு நல்ல குடிமகன் எழுதும் அதே சொற்கள். பிழைதிருத்த வெளியீடு, தள்ளிப்போட வேண்டாம் என்ற கோரிக்கையை எந்தத் தொகுப்பாளரும் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தின் மேல்தான் ஏறி வந்தார்கள்.

அவசரத்துக்குக் காரணமும் இருந்திருக்கலாம். எஸ்எஸ்ஹெச் சர்வரான ஓப்பன்எஸ்எஸ்ஹெச், எக்ஸ்இசட்டின் லைப்ரரியான லிப்எல்இசட்எம்ஏவை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. சில விநியோகங்கள் அதற்குப் போடும் கூடுதல் பேட்ச், லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் லைப்ரரியான லிப்சிஸ்டம்டியை இழுக்கும், அது லிப்எல்இசட்எம்ஏவை இழுக்கும். அந்தச் சங்கிலி வழியாகத்தான் ஆர்எஸ்ஏ சரிபார்க்கும் ஃபங்ஷனை மடக்கிப் பிடிக்க முடிந்தது. அந்த நாட்களில்தான் சிஸ்டம்டி திட்டத்தில், இப்படிப்பட்ட லைப்ரரிகளைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் மாற்றம் இணைந்துகொண்டிருந்தது. அது எல்லா இடத்துக்கும் போயிருந்தால் கதவு மூடியிருக்கும்.

யார் தப்பினார்கள்? டெபியன் ஸ்டேபிள், ரெட்ஹேட் எண்டர்பிரைஸ், உபுண்டுவின் வெளியான வெர்ஷன்கள் எல்லாம் பழைய எக்ஸ்இசட்டிலேயே நின்றன. மாட்டியவை டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோரா ராஹைடு, ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்ற முன்வரிசைகள். பேட்ச் வந்த நாளிலேயே ஏற்றுபவர், பாதுகாப்பில் கண்ணும் கருத்துமாக இருப்பவர் என்று நாம் யாரைப் பாராட்டுவோமோ அவர்தான் வரிசையில் முதலில் நின்றார். இன்னொரு நுணுக்கம்: நஞ்சு கிட் ரெப்போவில் (எல்லோரும் பார்க்கும் மூலக் கோடின் களஞ்சியத்தில்) முழுதாக இல்லை. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் இரண்டு அழுத்தப்பட்ட கோப்புகள் ரெப்போவில் கிடந்தன. அவற்றைத் திறந்து பில்டுக்குள் புகுத்தும் எம்4 ஸ்கிரிப்டின் வரி, வெளியீட்டுக்காகக் கட்டும் தொகுப்புக் கோப்பான டார்பாலில் மட்டுமே இருந்தது. ரெப்போவை வரிவரியாகப் படித்தவருக்கும் சங்கிலி முழுதாகக் கிடைத்திருக்காது. டெப், ஆர்பிஎம் தொகுப்புகளாக, 64-பிட் லினக்ஸில் பில்டு செய்தால் மட்டுமே அது விழித்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார்கள்.

இதிலிருந்து "பொறு" கட்சி வென்றது என்று முடிக்கத்தான் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் முடிக்க விரும்பினேன். ஆனால் ஃப்ராய்ண்ட் அதைப் பிடித்தது டெபியனின் முன்வரிசைக் கிளை ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்ததால்தான்.

எல்லோரும் பொறுத்தால் முதலில் குடிப்பது யார்

காத்திருப்பு முறைக்கு எதிரான நேர்மையான வாதம் இதுதான்: எல்லோரும் ஏழு நாள் பொறுத்தால் நஞ்சு எட்டாவது நாள் எல்லோர் வீட்டுக்கும் ஒன்றாகப் போய்ச் சேரும். பாதி உண்மை. மீதிப் பாதி, நஞ்சை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாக், டீபக் விஷயத்தைப் பிடித்தது, என்பிஎம்மில் வெளியாகும் ஒவ்வொரு வெர்ஷனையும் நிமிடக்கணக்கில் பிரித்துப் பார்க்கும் தானியங்கிச் சோதனைகள். அவை யாரும் இன்ஸ்டால் செய்வதற்காகக் காத்திருப்பதில்லை. 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் என்ற பேக்கேஜ் கைப்பற்றப்பட்டபோதும் சில மணி நேரத்தில் தெரிந்தது. கணக்கைத் திருடி, குழப்பிய கோடை அவசரமாகத் திணிக்கும் தாக்குதல்கள் சத்தம் போடுபவை. அவற்றுக்கு ஒரு நாள் பொறுப்பதே பெரும்பாலும் போதும், மூன்று நாள் என்றால் வசதி, ஏழு நாள் என்பது வார இறுதியையும் சேர்த்துக் கணக்குப் போட்டது.

பொறுமைசாலியான தாக்குதலுக்கு முன்னால் ஏழு நாள் ஒன்றுமே இல்லை. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜைப் பராமரிக்க முன்வந்த புதியவர் செப்டம்பரில் ஒரு புது டிபெண்டன்சியை (அந்தப் பேக்கேஜ் சார்ந்திருக்கும் வேறொரு பேக்கேஜை) சேர்த்தார். நவம்பரில்தான் அது பிட்காயின் வாலட் ஒன்றைக் குறிவைத்தது என்று வெளிச்சத்துக்கு வந்தது. எக்ஸ்இசட் ஐந்து வாரம் தெரியாமல் கிடந்தது. ஆகவே காத்திருப்பு எதற்கு மருந்து, எதற்கு இல்லை என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அன்றாடம் நடப்பது சத்தம் போடும் வகை என்பதால் எனக்கு அந்த மருந்து போதுமானதாகவே தெரிகிறது.

நாம் எப்போது அப்டேட் செய்கிறோம் என்பதே தெரியாதபோது

இந்த விவாதம் முழுவதும் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: அப்டேட் என்பது நாம் எடுக்கும் முடிவு என்பது. பல திட்டங்களில் அது முடிவே இல்லை, தற்செயல். திட்டத்துக்குத் தேவையானவற்றைப் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் ^1.2.3 என்று இருந்தால் 1.2.3-லிருந்து 2.0.0-க்கு முன்னால் வரை எது புதிதோ அது வரலாம். ~1.2.3 என்றால் 1.3.0-க்கு முன்னால் வரை. சுழியத்தில் தொடங்கினால் விதி மாறும்: ^0.2.3 என்பது 0.3.0-ஐத் தொடாது. துல்லியமாக எந்த வெர்ஷன் என்று பூட்டி வைக்கும் லாக் ஃபைல் இருந்து, அது பேக்கேஜ் ஜேசனோடு பொருந்தினால் 'என்பிஎம் இன்ஸ்டால்' பூட்டிய வெர்ஷனையே எடுக்கும். புதிதாக ஒரு பேக்கேஜைச் சேர்த்தால் அதன் அடியில் புதிதாகச் சேர்பவை அன்றைய வெர்ஷனில் வரும்; மெர்ஜில் முரண் வந்தது என்று யாராவது லாக் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினால், அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கானவை நகர்ந்துவிடும். அந்த அழிப்பு நடக்கும் நாள் செப்டம்பர் 8 ஆக இருந்தால் கதை முடிந்தது. பில்டையும் சோதனையையும் தானாக ஓட்டும் சிஐ அமைப்பில் 'என்பிஎம் சிஐ' கட்டளையையே பயன்படுத்த வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்: அது இறக்கிய பேக்கேஜ்கள் கிடக்கும் நோடு மாட்யூல்ஸ் ஃபோல்டரை முழுதாக நீக்கிவிட்டு லாக் ஃபைலில் உள்ளதை மட்டுமே இறக்கும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும்.

லாக் ஃபைல் காக்காத இடங்களையும் கவனிக்க வேண்டும். 'என்பிஎக்ஸ்' கொண்டு பெயரைச் சொல்லி ஓட்டும் கருவி திட்டத்தில் இல்லாவிட்டால் பதிவகத்திலிருந்து (பேக்கேஜ்கள் வெளியாகும் பொதுக் கிடங்கிலிருந்து) புதியதை எடுக்கும். குளோபலாக இன்ஸ்டால் செய்தவையும் அப்படியே. டாக்கர் இமேஜில் 'லேட்டஸ்ட்' என்ற டேக் இன்று ஒன்றைக் குறிக்கும், நாளை வேறொன்றை. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளமான டைஜஸ்டைக் குறித்தால்தான் நிலைக்கும். கிட்ஹப்பின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் இதே நோய் இன்னும் மோசம். 2025 மார்ச்சில் அதில் பலர் பயன்படுத்தும் டிஜே-ஆக்ஷன்ஸ் சேஞ்ச்டு-ஃபைல்ஸ் என்ற துணைக்கருவி கைப்பற்றப்பட்டபோது தாக்கியவர் பழைய வெர்ஷன் டேக்குகளையே தன் கமிட்டை நோக்கித் திருப்பிவிட்டார். வருடக்கணக்காக வெர்ஷனை மாற்றாதவரும் மாட்டினார், சிஐ லாகில் ரகசியங்கள் கொட்டின. முழுக் கமிட் ஹாஷைக் குறித்து வைத்திருந்தவர்களுக்குப் பழைய கோடே ஓடியது. டேக் என்பது நகரக்கூடிய பெயர் என்பது கிட் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஒய்எம்எல் அமைப்புக் கோப்பு எழுதும்போது 'வி4' என்றே கை போகிறது.

இந்த விஷயத்தில் கோ மொழியின் முடிவு எனக்குப் பிடித்தது. அதன் வெர்ஷன் தேர்வு முறை, தேவைகளை நிறைவுசெய்யும் வெர்ஷன்களில் மிகக் குறைந்ததை எடுக்கும். யாரோ இன்று புது வெர்ஷனை வெளியிட்டார் என்பதற்காக நம் பில்டு மாறாது; நாமோ நம் டிபெண்டன்சி ஒன்றோ கேட்டால்தான் மாறும். காத்திருப்பு அங்கே வடிவமைப்பிலேயே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் உலகம் அதைப் பிற்பாடு ஒட்டவைக்க வேண்டியிருந்தது. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் கருவியின் 10.16-இல் 2025 செப்டம்பரில், வெளியாகி இத்தனை நேரம் ஆகாத வெர்ஷனை ஏற்காத 'மினிமம் ரிலீஸ் ஏஜ்' அமைப்பு வந்தது. அதில் எண்ணை நிமிடத்தில் எழுத வேண்டும்: ஒரு நாளுக்கு 1440, ஏழு நாளுக்கு 10080. ஏழு நாள் என்று நினைத்துக்கொண்டு 7 என்று எழுதினால் ஏழு நிமிடம்தான் பாதுகாப்பு. பிழைச் செய்தி எதுவும் வராது. நேரடி டிபெண்டன்சிக்கு மட்டுமன்றி அடியில் உள்ளவற்றுக்கும் அது பொருந்தும், அதுதான் முக்கியம். பைத்தானில் யூவி என்ற பேக்கேஜ் கருவியின் 'எக்ஸ்க்ளூட் நியூவர்' ஒரு தேதிக்குப் பிறகு வந்தவற்றை ஒதுக்கும். புது வெர்ஷனுக்கு மாறச் சொல்லித் தானாகக் கோரிக்கை எழுப்பும் ரெனவேட்டிலும் டிபெண்டபாட்டிலும் இதே ஏற்பாடு உண்டு; ஆனால் அவை அந்தக் கோரிக்கையை (புல் ரிக்வெஸ்ட்) எழுப்புவதைத்தான் தாமதப்படுத்தும், டெவலப்பர் தன் மெஷினில் அடிக்கும் இன்ஸ்டாலைத் தடுக்காது.

இவற்றோடு இன்ஸ்டால் நேர ஸ்கிரிப்டுகளையும் நிறுத்திவிட வேண்டும். 2025 செப்டம்பரில் பரவிய ஷாய்-ஹுலூத் புழு 500-க்கு மேற்பட்ட பேக்கேஜ்களில் நுழைந்தது. இன்ஸ்டால் முடிந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்தான் அதன் கால். கணக்குகளின் சாவிகளான டோக்கன்களைத் தேடி எடுத்து, அவற்றைக் கொண்டே அடுத்த பேக்கேஜ்களில் தன்னைத்தானே வெளியிட்டுக்கொண்டது. நவம்பரில் வந்த இரண்டாம் அலை இன்ஸ்டால் தொடங்கும் முன்னரே ஓடியது. பிஎன்பிஎம் 10 இந்த ஸ்கிரிப்டுகளை இயல்பாகவே தடுத்து, அனுமதித்தவற்றை மட்டும் ஓட்டுகிறது. என்பிஎம்மில் 'இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ்' அமைப்பைப் போட்டுக்கொள்ளலாம். நம் மெஷினில் கம்பைல் ஆக வேண்டிய நேட்டிவ் பகுதி உள்ள சில பேக்கேஜ்கள் அதனால் உடையும், அவற்றை மட்டும் தனியாக ரீபில்டு செய்ய வேண்டியிருக்கும். எரிச்சல்தான். ஆனால் எந்தப் பேக்கேஜ் நம் மெஷினில் கட்டளை ஓட்டுகிறது என்ற பட்டியல் முதல் முறையாகக் கையில் கிடைக்கும்.

விதிவிலக்குக்கு ஒரு வாசல்

காத்திருப்பைப் போட்டதும் அடுத்த தொல்லை தொடங்குகிறது. 2025 டிசம்பர் 3 அன்று இணையப் பக்கங்கள் கட்டும் ரியாக்ட் லைப்ரரியின் சர்வர் பகுதியான ரியாக்ட் சர்வர் காம்போனன்ட்ஸில் சிவிஇ-2025-55182 அறிவிக்கப்பட்டது. லாகின் இல்லாமலே சர்வரில் கோடு ஓட்டலாம், மதிப்பெண் 10.0. சரிசெய்த 19.0.1, 19.1.2, 19.2.1 அன்றே வந்தன. தாக்குதல் முயற்சிகள் சில மணி நேரத்தில் தொடங்கிவிட்டன. ஏழு நாள் பூட்டு போட்டிருந்தவரின் கருவி "அந்த வெர்ஷன் இன்னும் பழுக்கவில்லை" என்று மறுக்கும். பிஎன்பிஎம்மில் விலக்குப் பட்டியல் அமைப்பு இருக்கிறது. பேக்கேஜின் பெயரை அதில் எழுதினால் வழிவிடும். டிபெண்டபாட்டின் காத்திருப்பு பாதுகாப்பு அப்டேட்களுக்குப் பொருந்தாது. எந்தக் கருவியாக இருந்தாலும் அந்த வாசலை ஒரு அமைதியான நாளில் திறந்து பார்த்து வைத்துவிட வேண்டும். தீப்பிடித்த இரவில் ஆவணம் தேடுபவர்கள் வழக்கமாகச் செய்வது, பூட்டையே மொத்தமாகக் கழற்றிவிடுவது. அப்போது ரியாக்டோடு சேர்ந்து மற்ற எல்லாமும் புது வெர்ஷனுக்கு நகர்ந்துவிடும்.

விலக்கு கொடுத்து ஏற்றும்போது டிஃபை (பழையதுக்கும் புதியதுக்கும் இடையே மாறிய வரிகளை) பார்ப்பது பத்து நிமிட வேலை. பாதுகாப்பு வெளியீட்டின் டிஃப் பெரும்பாலும் சிறியது. ஓட்டையின் விவரிப்போடு பொருந்தும் மாற்றம் இருக்கிறதா, சம்பந்தமே இல்லாமல் புது டிபெண்டன்சியோ இன்ஸ்டால் ஸ்கிரிப்டோ முளைத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். எக்ஸ்இசட் சொன்னதை நினைவில் வைத்து, ரெப்போவோடு நிற்காமல் பதிவகத்தில் உள்ள டார்பாலைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் செய்தியை முழுதாக நம்பக் கூடாது என்பதற்கு 2021 டிசம்பரைப் போல் சான்று இல்லை. லாக்4ஷெல் பரவலாகத் தெரியவந்தது டிசம்பர் 9, 10-இல். தாக்குதலின் தடயம் டிசம்பர் 1 முதலே இருந்ததாகக் கிளவுட்ஃபிளேர் பிறகு சொன்னது. முதல் அறிவுரை 2.15.0. சில நாளில் அது போதாது என்று தெரிந்து 2.16.0 வந்தது, பிறகு சேவையை முடக்கும் வேறொரு ஓட்டைக்காக 2.17.0, மாதக் கடைசியில் 2.17.1. புது ஜாவா வெர்ஷன் இருந்தால் பயமில்லை என்றார்கள், அதுவும் நிற்கவில்லை. லாக் செய்திக்குள் வரும் குறியீட்டை விரிக்கும் மெசேஜ் லுக்கப்பை அணைக்கும் அமைப்பு போதும் என்றார்கள், அதற்கும் சுற்றுவழி கிடைத்தது. நிலைத்து நின்ற தற்காலிக வைத்தியம் ஒன்றே: ஓட்டை இருந்த ஜேஎன்டிஐ லுக்கப் கிளாஸ் ஃபைலை ஜாரிலிருந்தே (ஜாவா கோடைப் பொதிந்த கோப்பிலிருந்தே) நீக்கிவிடுவது. ஜாவாவின் பில்டு கருவியான மேவன் காட்டும் டிபெண்டன்சி மரத்தை மட்டும் பார்த்தவர்கள், வேறு ஜாருக்குள் பொதிந்து கிடந்த லாக்4ஜேயைத் தவறவிட்டார்கள். டிஸ்கில் உள்ள ஜார்களைத் திறந்து தேடியவர்களுக்குத்தான் கிடைத்தது. அவசர வகையில் ஒருமுறை ஏற்றியதோடு வேலை முடிவதில்லை. இரண்டு வாரத்துக்கு அந்தப் பேக்கேஜின் அறிவிப்புப் பக்கத்தைத் தினமும் பார்ப்பதும் அதே வேலையின் பகுதி.

செய்தியைக் கையில் எடுத்ததும்

முதல் கேள்வி திசை: பழைய வெர்ஷனில் பிழையா, புது வெர்ஷனில் நஞ்சா? பாதிக்கப்பட்ட வெர்ஷன் வரம்பைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை தெரியும். "2.0 முதல் 2.14.1 வரை" என்பது போல அகலமாக இருந்தால் பிழை. நேற்று வந்த ஓரிரு வெர்ஷன்கள் மட்டும் என்றால் நஞ்சு.

பிழை என்றால் அது நம்மிடம் இருக்கிறதா, எந்த வழியாக வந்தது என்று 'என்பிஎம் எக்ஸ்ப்ளைன்' போன்ற கட்டளை சொல்லும். இருந்தும் அந்தப் பகுதியை நம் கோடு தொடுகிறதா என்பது தனிக் கேள்வி. கோ மொழியில் கோவல்ன்செக் என்ற கருவி ஃபங்ஷன் அழைப்புகளைப் பின்தொடர்ந்து பதில் சொல்லும், மற்ற மொழிகளில் பெரும்பாலும் கையால் தேட வேண்டும். மதிப்பெண்ணை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். ஓட்டையின் தீவிரத்தை 10-க்கு அளக்கும் அடிப்படை சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணுக்கு நம் சர்வர் இணையத்தில் திறந்திருக்கிறதா, உள்வலையில் கிடக்கிறதா என்பது தெரியாது. 2022 நவம்பர் 1 அன்று வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.7-க்கு ஒரு வாரம் முன்பிருந்தே 'கிரிட்டிக்கல்' என்று உலகம் அலறியது. வெளியான நாளில் அதுவே ஒரு படி இறங்கியது, 1.1.1 வைத்திருந்தவர்களுக்கு அதில் வேலையே இல்லை. அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா வெளியிடும், உண்மையில் சுரண்டப்படும் ஓட்டைகளின் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்பது மதிப்பெண்ணைவிட நல்ல அறிகுறி. அதில் ஏறவில்லை என்பதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவே.

நஞ்சு என்றால் லாக் ஃபைலில் துல்லியமான வெர்ஷனைத் தேட வேண்டும்; இன்றைய லாக் ஃபைலை மட்டும் பார்த்தால் போதாது. அந்த மணி நேரங்களில் ஓடிய கிளைகள், சிஐ கேஷ், அன்று பில்டு ஆன இமேஜ்கள் எல்லாவற்றிலும் தேட வேண்டும். நிறுவனத்துக்குள் பதிவகத்தின் நகல் வைத்திருந்தால் அங்கே பார்ப்பதை மறக்கவே கூடாது: மூலப் பதிவகம் நீக்கிய பிறகும் நகலின் கேஷ் அந்த டார்பாலைப் பல நாள் பரிமாறிக்கொண்டிருக்கும். இன்ஸ்டால் ஆகியிருந்து ஸ்கிரிப்டும் ஓடியிருந்தால் நோடு மாட்யூல்ஸை அழிப்பது சடங்குதான். அந்த மெஷினில் இருந்த என்பிஎம் டோக்கன், கிட்ஹப் டோக்கன், கிளவுட் சாவி, எஸ்எஸ்ஹெச் சாவி எல்லாவற்றையும் வேறொரு சுத்தமான மெஷினிலிருந்து ரத்து செய்து புதிதாக எடுக்க வேண்டும். நஞ்சு உலாவிக்கானது என்றால் சர்வரைத் துடைத்துப் பயனில்லை. உலாவிக்காகக் கட்டிய பண்டில், பயனர்களுக்குக் கோப்புகளைப் பரிமாறும் சிடிஎன்னில் கிடக்கும், அங்கே நீக்க வேண்டும்.

அடியில் உள்ள பேக்கேஜை நடுவில் இருப்பவர் இன்னும் உயர்த்தவில்லை என்றால் 'ஓவர்ரைட்ஸ்' எழுதி நாமே வெர்ஷனைத் திணிப்போம். அவசரத்தில் சரியான வழிதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த வரி அங்கேயே இருக்கும், நடுவில் உள்ள லைப்ரரி எப்போதோ உயர்ந்திருக்கும், நம் வரி மட்டும் அந்த ஒரு பேக்கேஜை அன்றைய வெர்ஷனிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்த ஓட்டை அதே பேக்கேஜில் வரும்போது அப்டேட் ஏன் ஏறவில்லை என்று பாதி நாள் போகும். ஜேசனில் கமெண்ட் எழுத முடியாது. எதற்காகப் போட்டோம், நடுவில் உள்ளது எந்த வெர்ஷனுக்கு வந்தால் எடுத்துவிடலாம் என்பதை கமிட் செய்தியிலும், மூடாமல் விட்ட ஒரு டிக்கெட்டிலும் எழுதி வைப்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.